சுகாதார எழுத்தும் கிணறில்லாதவரும்

இலக்கியம் என்றதும் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்னும் நான்கினையுமே எண்ணிப் பழகிவிட்டோம். இந்நான்கிற்கும் வெளியே, மக்களின் அன்றாட வாழ்வோடு மிக நெருங்கிய தொடர்பு பூண்டு நிற்கும் எழுத்து வகைகள் விமரிசகரின் கண்ணிற் படுவதில்லை. வைத்திய நூல், சுகாதாரக் கையேடு, பாடப்புத்தகத்துச் சுகாதாரப் பாடம், நோய் பரவும் காலத்திற் கைக்குக் கை மாறும் துண்டுப்பிரசுரம் ஆகியன அத்தகையவை. நமது நாவல்களைப் படித்தோரைவிட இவற்றைப் படித்தோர் பன்மடங்கினர். ஆயினும் அவை யாருக்காக எழுதப்படுகின்றன, எந்த மொழியில் எழுதப்படுகின்றன, எவரை மனத்திற்கொண்டு எவரை மறந்து எழுதப்படுகின்றன என்ற வினாக்களை முற்போக்கு விமரிசனம் இன்னும் முறையாக எழுப்பவில்லை. பேராசிரியர் சிவத்தம்பியைப் பெற்ற கரவெட்டியிலிருந்து இக்குறையை எடுத்துச் சொல்வது பொருத்தமென்றே நினைக்கிறேன்.

இதனை இப்பொழுது எழுப்புவதற்கு உடனடிக் காரணமும் உண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வடபகுதி புயல்மழையால் வெள்ளத்தில் ஆழ்ந்தது. அடுத்த மாதம் வடமராட்சியிற் காய்ச்சல் கண்டு மக்கள் மாண்டனர். முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்றே பேசப்பட்டது. பின்னர் அஃது எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. மாத நடுப்பகுதிக்குள் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 மரணங்கள் அறிவிக்கப்பட்டன. கரவெட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய சுகாதாரப் பிரிவுகளே பெரிதும் தாக்குண்டவை. எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு வெளிவரும் கிருமி வெள்ளநீரிலும் சேற்றிலும் தங்கியிருந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல், புண் ஆகியவற்றின் வழியே உடலிற் புகுகின்றது. காலில் வெடிப்போடு சேற்றில் நிற்பவர் யார் என்று கேட்டால், இந்நோய் ஊரில் எந்தப் பகுதியாரை நாடிச் செல்லும் என்பது விளங்கும். விதைத்த வயலில் வெள்ளம் வடிப்பவரும், குனிந்து களை பிடுங்கும் பெண்களும், அடைபட்ட வாய்க்காலைத் துப்புரவு செய்யும் தொழிலாளரும் அதன் முதற் பலிகள். வயலின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய கால் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும்.

சுகாதாரப் பகுதியினர் வாளாவிருக்கவில்லை என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்தபின் வயல் வேலை செய்வோருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் ஊரூராகச் சென்றனர். என் விமரிசனம் அவர்களது உழைப்பைப் பற்றியதன்று. அவர்களின் கையிற் கொடுத்தனுப்பப்படும் எழுத்தைப் பற்றியது.

இத்தகைய துண்டுப்பிரசுரங்களின் மொழியை வாசகர் ஒருமுறை உற்று நோக்க வேண்டும். எல்லா வினைகளும் ஒரே விகுதியில் முடிகின்றன: அணியவும், அருந்தவும், தவிர்க்கவும், நாடவும். இது கந்தோர் அறிவித்தல்களிலிருந்து வந்த நடை. இதிற் பேசுபவன் இல்லை, கேட்பவனும் இல்லை. கட்டளைதான் உண்டு. 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ 'பிள்ளை' என்றோ எவரையும் விளிக்காத இம்மொழி எல்லோருக்கும் பொதுவானது போலத் தோற்றமளிக்கும். நுணுகிப் பார்த்தால் அதற்குள் ஒரு குறித்த மனிதர் இருக்கிறார். வெள்ளநீரில் இறங்காதிருக்க வசதியுடையவர் அவர். றப்பர்ச் சப்பாத்து வாங்கக்கூடியவர். காய்ச்சல் கண்ட முதல்நாளே கூலியை இழந்து ஆசுபத்திரி செல்ல இயன்றவர். ஆழ்ந்த வயற்சேற்றிற் சப்பாத்து புதைந்து காலைப் பிடித்துக்கொள்ளும் என்பதும், களை பிடுங்குபவள் அதனைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டே வேலை செய்வாள் என்பதும் வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும். பிரசுரத்தை எழுதியவர் வரம்பில் நின்று எழுதியிருக்கிறார்.

மாணவரும் இந்நடையைக் கற்றுக்கொள்கின்றனர். சுகாதாரம் பற்றிக் கட்டுரை எழுதுக என்றால், வகுப்பில் முக்காற் பங்கினர் நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று தொடங்கி, நகம் வெட்டுதல், பல் துலக்குதல், கொதித்தாறிய நீர் அருந்துதல் என்று வரிசைப்படுத்தி முடித்துவிடுவர். அவர்களுட் சிலருடைய வீட்டில் நீர் கொதிக்கவைக்க விறகும் இல்லை, வேலையால் வரும் தாய்க்கு நேரமும் இல்லை. எனினும் கட்டுரையில் அது வராது. வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அது கட்டுரைக்குரிய பொருளன்று என்று எங்கோ படித்துக்கொண்டுவிட்டனர்.

இம்மரபு எங்கே தொடங்குகிறது? தமிழில் நவீன சுகாதார எழுத்தின் தொடக்கம் நமது குடாநாட்டிலேயே இருக்கிறது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; 1848இல் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய நிலையமாயிற்று. இடையில் ஊர் சென்று 1862இல் மீண்ட அவர், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம், இரணவைத்தியம், கெமிஸ்தம் எனத் துறைதோறும் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இற் 'கெமிஸ்தம்' என்று அவை வெளிவந்தன.

கிறீனைப் பற்றி எழுதுவோர் அவருடைய கலைச்சொல்லாக்கத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுகின்றனர். சொல்லாக்கம் வியக்கத்தக்கதே. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கிசையப் பெயர்ப்பது என்பது அவர் கைக்கொண்ட முறை. உற்பாலனம் என்ற சொல்லை இன்று எவரும் அறியார். அவ்விடத்திற் சுகாதாரம் வந்து அமர்ந்துவிட்டது. சொற்கள் மறைவது இயல்பு. அதைவிட முக்கியமானது, அவர் தமிழைத் தேர்ந்ததன் காரணம். தமிழ்ப்பற்று அதற்கு முதற்காரணமன்று. ஆங்கிலத்திற் கற்ற வைத்தியன் அரசாங்கச் சேவையையும் பட்டினத்தையும் தேடிப் போய்விடுவான். தமிழிற் கற்றவன் தன் ஊரிலேயே தன் மக்களிடையே தங்குவான் என்று அவர் கணித்தார். மொழிக் கொள்கை என்று நாம் கருதுவது உண்மையில் ஒரு சுகாதாரத் திட்டமாக இருந்தது. வைத்தியன் எங்கே வசிப்பான் என்ற வினாவுக்கு அவன் எந்த மொழியிற் படித்தான் என்பதில் விடை தேடிய அந்த அறிவு, இன்றைக்கும் வைத்தியக் கல்வி பற்றிப் பேசுவோரிடம் அரிதாகவே காணப்படுகின்றது. 1873இற் கிறீன் நாடு திரும்பினார். ஆங்கிலமே உயர்வுக்கும் உத்தியோகத்துக்கும் வழியாயிருந்த குடியேற்ற ஆட்சியில் தமிழ் வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. அதற்கு அவரைக் குறைகூறுவது நியாயமாகாது.

ஆனால் அவருடைய நூல்கள் யாரிடம் பேசின என்று கேட்கத்தான் வேண்டும். மிசன் பள்ளிகளிற் படித்து, வைத்தியம் பயில வாய்ப்புப் பெற்ற இளைஞனிடம் அவை பேசின. நோயாளி அவற்றில் உடலாக மட்டுமே வருகிறான். என்பும் தசையும் குருதியுமாக வருகிறான். அவன் எந்தக் கிணற்றில் நீர் அருந்துகிறான் என்பது நூலின் பொருளன்று. இங்கே வாசகர் ஒரு காலப்பொருத்தத்தைக் கவனிக்கலாம். கிறீன் கற்பிக்கத் தொடங்கிய அதே 1848இல், ஜெர்மானிய வைத்தியர் றுடோல்ப் வேர்ச்சோ மேற் சைலீசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்று, அங்குள்ள மக்கள் வறுமையாலும் கல்வியின்மையாலும் உரிமையின்மையாலுமே மடிகின்றனர் என்று அறிக்கை எழுதினார்; மருந்தைவிட மக்களாட்சியையும் கல்வியையும் வேலையையும் பரிந்துரைத்தார். 1854இல் இலண்டனில் ஜோன் சினோ, வாந்திபேதி ஒரு நீர்க்குழாயைச் சுற்றியே பரவுவதைத் தெருத் தெருவாகக் கணக்கிட்டுக் காட்டினார். உடலைப் பற்றிய விஞ்ஞானம் தமிழுக்குக் கிறீன் வழியாக வந்தது. சமுதாயத்தையே நோயாளியாகக் கண்ட அந்த மற்றைய விஞ்ஞானம் நமக்கு வந்துசேர மேலும் நூறாண்டுக்கு மேற் சென்றது.

அந்த நூறாண்டில் யாழ்ப்பாணத்துக் கிணறு என்னவாயிருந்தது? இங்கே ஆறில்லை. சுண்ணக்கற் பாறையினடியிற் சேரும் மழைநீரே சீவாதாரம். அந்நீருக்குள்ள வாயிலோ வளவுக்குள் இருந்தது. காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் சேர்த்தே எழுதப்படும். காணியில்லாதவனுக்கு உறுதியில்லை, உறுதியில்லாதவனுக்குக் கிணறில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் குடத்தோடு கிணற்றுக்கு எட்ட நின்று, உரிமைக்காரர் யாரேனும் வந்து அள்ளி ஊற்றும் வரை காத்திருந்தனர். வராவிட்டால் மாடு இறங்கும் குளமோ குட்டையோதான். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தீண்டாமையின் பேரால் ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. எனினும் சட்டத்தின் கை பொது இடம் வரையிலேயே நீளும். வளவின் படலை அதற்கு எல்லை. 1960களின் பிற்பகுதியில் இந்தக் கரவெட்டியின் கன்பொல்லை உட்படக் குடாநாட்டின் பல ஊர்களில் நடந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்கள் தேநீர்க்கடையையும் கோயிலையும் திறக்கச் செய்தன. அவற்றைச் சமத்துவப் போராட்டங்கள் என்கிறோம். தேநீர்க்கடையில் ஒரே குவளை என்பதும் கிணற்றில் ஒரே கயிறு என்பதும் சுகாதாரக் கோரிக்கைகளுந்தான் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

நான் எவரும் என்றது சுகாதாரத்தைத் தொழிலாகக் கொண்டு எழுதியோரை. புனைகதைக்காரர் எழுதினர். டொமினிக் ஜீவா 1960இல் தம் முதற் கதைத்தொகுதிக்கு இட்ட பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. 'பஞ்சமர்' நாவலை 1972இல் தந்த கே. டானியல், தம் வாழ்நாளின் கடைசிக் காலத்தில் எழுதிய ஒரு நாவலுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். 1986இல் அவர் மறைந்தபின், 1987இல் அது நூலாயிற்று. கிணறில்லாத மக்களின் நீருரிமையே அதன் கரு. கலைநயம் குறைந்தது, செய்தி மேலோங்கியது என்று இவ்வெழுத்துக்களின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டு பழையது. அதற்கு விடை கூறும் இடம் இதுவன்று. என் கவனம் வேறொன்றில். சுகாதார நூல் 'தூய நீர் அருந்துக' என்று கூறிக்கொண்டிருந்த அதே தசாப்தங்களில், அந்நீர் யாரிடம் இருக்கிறது என்று நாவல் கூறிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று படிக்கவில்லை. வைத்தியர் டானியலைப் படித்திருந்தால் வயிற்றோட்டத்தின் வரைபடத்தை வேறுவிதமாகக் கீறியிருப்பர். நாவலாசிரியனும் தன் பாத்திரத்தின் குழந்தை ஏன் இறந்தது என்பதை விதியின் கொடுமையாகவோ முதலாளியின் கொடுமையாகவோ மட்டும் காட்டாமல், குடத்து நீரிலிருந்து குடல் வரைக்கும் பின்தொடர்ந்திருப்பான். இரண்டாவதை நான் குறையாகவே சொல்கிறேன். நமது முற்போக்குப் புனைகதையில் நோய் பெரும்பாலும் கதையை முடித்துவைக்கும் கருவியாகவே வருகிறது. காசமும் காய்ச்சலும் கடைசி அத்தியாயத்திற்கென்றே காத்திருக்கின்றன. யதார்த்தவாதம் பேசும் நாம் நோய்க்கு மட்டும் யதார்த்தத்திலிருந்து விலக்களித்திருக்கிறோம்.

இவ்விரு மரபுகளும் ஒருவரிடத்திலே கூடிய அரிய நிகழ்ச்சி 'நந்தி' எனப்பட்ட பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம். 1928இற் பிறந்து 2005இல் மறைந்த அவர் வைத்தியர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியர். முற்போக்கு அணியைச் சேர்ந்த சிறுகதை, நாவல் ஆசிரியர். அந்த மருத்துவ பீடம் தோன்றிய 1978ஆம் ஆண்டிலேதான் அல்மா-அத்தாவில் உலக நாடுகள் கூடி, எல்லோருக்கும் சுகம் என்பதை இலக்காகக் கொண்டு, வைத்தியசாலைக்கு முன்பாக ஊரையே கவனிக்கும் ஆரம்ப சுகாதாரக் கவனிப்பை அறிவித்தன. நந்தி அதற்கு முன்பே, 1964இல் 'மலைக்கொழுந்து' நாவலில், சிசு மரணம் நாட்டின் சராசரியைவிட நெடுங்காலம் உயர்ந்திருந்த தேயிலைத் தோட்டங்களின் மக்களைப் பற்றி எழுதியிருந்தார். விமரிசகர் அந்நாவலையும் அவருடைய சிறுகதைகளையும் பேசினர். 'அருமைத் தங்கைக்கு', 'அன்புள்ள நந்தினி', 'நந்தினி உன் குழந்தை' என்று அவர் எழுதிய சுகாதார நூல்களை வைத்தியரின் பொதுச்சேவை என்று ஒருபக்கம் ஒதுக்கிவிட்டனர்.

என் எண்ணம் நேர்மாறானது. அந்நூல்களின் பெயர்களே அவற்றின் இலக்கியத் துணிவை உணர்த்தப் போதும். கந்தோர் விகுதியிற் பேசிவந்த சுகாதாரத்திற்கு ஒரு குரலும் ஒரு முகமும் கிடைத்துவிட்டன. கடிதம் எழுதுபவர் அண்ணன், பெறுபவள் தங்கை. தாய்மை, குழந்தை வளர்ப்பு போன்று, நமது வீடுகளில் ஆண்கள் வாய்திறவாத பொருள்களை அண்ணன் தங்கைக்கு எழுதுவது என்பதே ஒரு வழக்கத்தை உடைப்பது. அண்ணனுடைய கடிதத்தில் 'தவிர்க்கவும்' என்று எழுத முடியாது. ஏன் தவிர்க்க வேண்டும், தவிர்க்க இயலாவிட்டால் என்ன செய்யலாம் என்று சொல்லியே ஆகவேண்டும். உருவம் உள்ளடக்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று வகுப்பிற் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவ்வுருவத்திற்கும் எல்லை உண்டு. கடிதம் பெறும் தங்கை எழுத்தறிந்தவள். நூலை வாங்கவோ இரவல் பெறவோ கூடியவள். அண்ணன் என்று சொல்ல ஒரு படித்த மனிதனைக் குடும்பத்திற் கொண்டவள். உறவுமுறைகளால் ஆகிய மொழி உறவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை எப்படி அழைக்கும்? யாழ்ப்பாணச் சமுதாயத்திற் சிலர் மற்றவர்க்கு நெடுங்காலம் அண்ணனாகவோ தங்கையாகவோ இருக்கவில்லை. வயதிலே முதிர்ந்தவரைப் பிள்ளைகள் பெயர்சொல்லி அழைத்த ஊர்கள் இவை. ஆயினும் பேசத் தொடங்கிய முதலாமவர் நந்தியே. அவருக்குப்பின், யுத்த காலத்திற் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' நூலைத் தந்தார். உளநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கோராயிருந்த நிலையில், ஆசிரியர், கிராம அலுவலர், ஊர்த் தொண்டர் ஆகியோரைப் பயிற்றி அவர்கள் மூலமே மனத்துயர் கொண்டோரை அணுகும் முயற்சிகள் இங்கே நடந்தன. ஆசிரியர்களாகிய நமக்கு அது பெருமைக்குரிய செய்தி. போர்க்காலத்துப் பள்ளிப் பதிவேட்டில் வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அறியும் பயிற்சி வேறெங்கே நமக்குக் கிடைத்தது?

எழுத்து எட்டாதவிடத்தில் மனிதர் எட்டினர் என்பதற்கு இலங்கையின் மருத்துவமாதே சாட்சி. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது முதல் அவள் வீடுவீடாகச் சென்றாள். கிணறுள்ள வீடும் இல்லாத வீடும் அவளது பட்டியலில் இருந்தன. 1930களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்குச் சுமார் 2,000 தாய்மாரை இழந்த இந்நாடு, 2010களில் அவ்விழப்பை 40இற்குக் கீழே கொண்டுவந்தது. இலவச வைத்தியம், இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு எல்லாம் சேர்ந்து விளைந்த பயன் இது. ஆனால் ஒரு பெண் படலையைத் திறந்து உள்ளே வந்து பெயர் சொல்லி விசாரித்ததும் அதில் ஒரு பங்கு. அவளைக் கதாநாயகியாகக் கொண்ட நல்ல தமிழ் நாவல் ஒன்று எழுதப்பட்டிருந்தால் அதனைப் படிக்க ஆவலாயிருக்கிறேன்.

மீண்டும் எலிக்காய்ச்சற் பிரசுரத்திற்கு வருவோம். அதனைத் திருத்தி எழுதுவது எழுத்தாளர் வேலையே என்று கருதுகிறேன். வட்டார வழக்கில் எழுதினாற் போதும், படம் போட்டாற் போதும் என்று சிலர் சொல்வர். வழக்கும் படமும் வேண்டியனவே. முன்னிலை மாறாத வரை அவை ஒப்பனைதான். களை பிடுங்குபவளுக்குச் சப்பாத்து அணியுமாறு சொல்வதோடு நிற்கும் பிரசுரம், நோயின் பொறுப்பையும் அவள் கூலியிலிருந்தே கழிக்கிறது. வயற்சொந்தக்காரரை நேர்முகமாக விளித்து எழுதிய பிரசுரம் ஒன்றையும் நான் கண்டதில்லை. உங்கள் வயலில் நாட்கூலிக்கு இறங்குவோர்க்கு வாராந்த மாத்திரை கிடைத்ததா என்று வேலைக்கு இறக்குமுன் கேளுங்கள். காலிற் புண்ணுள்ளவரை அன்றைக்கு மேட்டு வேலைக்கு விட்டு முழுக்கூலியும் கொடுங்கள். காய்ச்சலென்று ஒருத்தி வராவிட்டால் மறுநாள் அவள் வீட்டுக்கு ஆளனுப்புங்கள். கால் கழுவ உங்கள் கிணற்றடியைத் திறந்துவிடுங்கள். இந்நான்கு வரிகளையும் அச்சிட்டு அடுத்த மாரி தொடங்குமுன் நெல்லியடிச் சந்தையிற் கொடுத்தால், முதல் மூன்றையும் வாங்கிப் படித்துத் தலையசைப்போர் பலர் இருப்பர். நாலாவது வரியில்தான் பிரசுரம் மடிக்கப்படும்.